ரெண்டு மணி ஷிஃப்ட்

எங்கள் புது வீட்டின் மொசைக் தரையில் முதன்முதலாகக் காலைத் தூக்கியது ஃபோர்மேன்தான். வந்து நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சித்தப்பா இன்னும் செருப்பைக் கழற்றி முடிக்கவில்லை, "இது எதுக்கு உள்ள வருது?" என்ற கேள்வியை அம்மா பாதிதான் கேட்டிருந்தாள். அதற்குள் ஃபோர்மேன் ஹாலின் நடுவில் வந்து நின்று, நாலு பக்கமும் நிதானமாகப் பார்த்து, டிவி ஸ்டாண்டின் காலைத் தேர்ந்தெடுத்து, வேலையை முடித்துவிட்டு, அந்த ஈரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. முகத்தில் குற்ற உணர்ச்சி துளியும் இல்லை. ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்கிற அதிகாரியின் முகம்.

ஃபோர்மேன் என்பது பட்டறையில் வைத்த பெயர். சித்தப்பா திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருந்தார். அந்தப் பட்டறை வாசலில் எட்டு வருஷமாகக் கட்டிக்கிடந்த நாய் இது. யார் உள்ளே வந்தாலும் குரைக்கும், யார் வெளியே போனாலும் குரைக்கும், வேலை செய்யாமல் யாராவது சும்மா நின்றால் இன்னும் அதிகமாகக் குரைக்கும் என்பதால் அந்தப் பெயர். தொண்ணூறுகளின் கடைசி அது. மறைமலை நகர் கார் கம்பெனிக்கு ஏதோ பாகம் செய்து தரும் ஆர்டர் கிடைத்து, முதலாளி பட்டறையையே அந்தப் பக்கம் மாற்றிவிட்டார். புது இடத்தில் காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் இருந்தார். நாய்க்கு வேலை இல்லை. பூட்டிய பழைய பட்டறை முன்னால் அது ஒரு வாரம் படுத்துக்கிடந்ததைப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல், சித்தப்பா ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஊரப்பாக்கத்துக்கு வந்துவிட்டார். அவர் பல்லாவரத்தில் மாடி அறை ஒன்றில் தனியாக இருந்தார். அங்கே வீட்டுக்காரர் பூனையைக்கூடச் சேர்க்கமாட்டார்.

ஊரப்பாக்கத்தில் அப்போது எங்கள் தெருவில் ஆறே வீடுகள். மீதியெல்லாம் கல் நட்ட காலி மனைகள், முள்செடி, மழைக்காலத்தில் தவளை. அப்பா எழும்பூரில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தார். நான் தாம்பரத்தில் ஆறாம் வகுப்பு படித்தேன். காலையில் இரண்டு பேரும் ஒரே மின்சார ரயிலில் போவோம். அம்மா வீட்டையும், குறிப்பாக அந்த மொசைக் தரையையும் பார்த்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் தங்கை. செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் மத்தியானம், கையில் ஒரே ஒரு ஒயர்கூடையோடு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தாள். "உடம்பு சரியில்ல, கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவா" என்று எனக்குச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. வாசல் கேட்டைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. எதைச் செய்வதற்கு முன்னாலும் கேட்பாள். "அண்ணி, குளிச்சுட்டு வரட்டுமா?" "அண்ணி, ஃபேன் போட்டுக்கட்டுமா?" என் வகுப்பில் அவ்வளவு ஒழுக்கமாக ஒருத்தியும் கிடையாது என்பதால் எனக்கு அத்தையை மிகவும் பிடித்தது. "ஆபீசுக்குப் போறப்ப வெளியில பூட்டிட்டு, சாவியையும் எடுத்துக்கிட்டுப் போயிடுவாராம்" என்று அம்மா சித்தப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னதை ஒருமுறை கேட்டிருக்கிறேன். செங்கல்பட்டில் திருடர் பயம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபோர்மேன் விஷயத்தில் அப்பா உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. எதிலும் உடனே தீர்ப்புச் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. டிவி ஸ்டாண்டைச் சுற்றி அம்மா ஃபினாயில் ஊற்றிக் கழுவுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு செங்கல்பட்டுலேர்ந்து வர்றாங்க. அவங்க வர்றப்ப வீடு இப்படி நாறக்கூடாது. அதுக்குள்ள ஒழுங்குக்கு வந்தா பாக்கலாம். இல்லன்னா எங்க இருந்து வந்துதோ அங்கயே கொண்டுபோய் விட்டுடணும்."

"எட்டு வயசு முடிஞ்ச நாய்ண்ணா" என்றார் சித்தப்பா. கொண்டுவந்தவரே அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. "குட்டியில பழக்கணும். இனிமே என்ன கத்துக்கப் போவுது?"

"நான் பழக்கறேன்" என்றேன்.

எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நான் கிளாஸ் லீடர். கடைசி பெஞ்சில் இருந்த மூன்று பேருக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்து பாஸ் பண்ண வைத்தவள். ஒரு நாய்க்கு எங்கே மூத்திரம் போவது என்று சொல்லிக்கொடுப்பது பின்னக் கணக்கைவிடக் கஷ்டமாக இருக்க முடியாது.

முதல் மூன்று நாள் நான் கடைப்பிடித்த முறை, எங்கள் பள்ளிக்கூடத்து முறை. அதாவது அதட்டல். தரையில் ஈரத்தைப் பார்த்ததும் ஃபோர்மேனை இழுத்துவந்து, ஈரத்தைச் சுட்டிக்காட்டி, விரலை ஆட்டி, "இங்க போகக் கூடாது" என்று பத்துமுறை சொல்வேன். அது என் விரலை மரியாதையோடு பார்க்கும். எனக்கு உதவுவதாக நினைத்து அப்பா ஒருமுறை செய்தித்தாளைச் சுருட்டி ஓங்கினார். ஃபோர்மேன் அப்படியே தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, படுத்த இடத்திலேயே இன்னொரு தடவை போய்விட்டது. அப்பா செய்தித்தாளைக் கீழே போட்டுவிட்டார். அதற்கப்புறம் அவர் நாயைத் தொடவில்லை; செய்தித்தாளையும் அன்றைக்குப் படிக்கவில்லை.

என் அதட்டலுக்குப் பலன் இருந்தது. நாலாம் நாள் ஹாலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெற்றி என்று அறிவித்தேன். சாயங்காலம் அம்மா அரிசி டிரம்முக்குப் பின்னாலும், கட்டிலுக்கு அடியிலும், தையல் மிஷினுக்குப் பக்கத்திலும் கண்டுபிடித்தாள். நான் கற்றுக்கொடுத்தது ஒளிந்துகொண்டு போவதை மட்டும்தான்.

சரி, வெளியே கூட்டிப்போய் நிற்க வைப்பது என்று முடிவு செய்தேன். மறுநாள் பள்ளி விடுமுறை. எதிர்த்த காலி மனையில் காலை பத்து மணி வெயிலில் ஒரு மணி நேரம் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபோர்மேன் மண்ணை முகர்ந்தது, புல்லை முகர்ந்தது, கால் மாற்றிக் கால் வைத்து, கோயில் வாசல் சுடுகல்லில் நிற்கிறவர் மாதிரி நெளிந்தது, கடைசியில் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பி, வாசற்படி ஏறி, மொசைக்கில் கால் பட்டதும், அப்பாடா என்று விட்டது. ஒரு மணி நேரத்துச் சேமிப்பு.

அதை மறுபடி வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் மீன்கார அக்கா வந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடையோடு இரண்டு பஸ் மாறி வருவாள். எங்கள் தெருவில் ஆறு வீட்டையும் அவளுக்கு மீன் பெயராலேயே தெரியும். நாங்கள் சங்கரா வீடு.

"இன்னா பாப்பா, நாய இந்த வெயில்ல நிக்க வெச்சிகினு கீற?"

சொன்னேன். என் முறையீடு முழுவதையும் கேட்டாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, பயமில்லாமல் ஃபோர்மேனின் கழுத்தில் கையை விட்டு மயிரை விலக்கினாள். கழுத்தைச் சுற்றி மயிரே இல்லாத ஒரு வளையம். தோல் தடித்துக் கறுத்திருந்தது.

"கட்டிப்போட்டே வளத்த நாயி பாப்பா இது. கட்டின எடத்துலயே துன்னுகினு, அங்கயே போய்கினு, அங்கயே படுத்துகினு இருந்திருக்கு. வெளிய போலாம்னு அதுக்கு யாரு சொன்னா? அடக்கினா யாராச்சும் வந்து அவுத்து வுடுவாங்கன்னு இருந்தாத்தான அடக்கும்?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடிச்சிடாத. அடிச்சா உன் கண்ணுக்கு மறைவா போவும், அவ்ளோதான்" என்றாள்.

ஏற்கெனவே மறைவாகப் போகிறது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. கூடையிலிருந்து ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு எடுத்துக் கொடுத்தாள். "வெளிய போச்சுன்னா ஒண்ணு குடு. உடனே குடுக்கணும். லேட்டா குடுத்தா எதுக்குன்னு அதுக்குப் புரியாது."

திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

அன்று சாயங்காலம் அத்தை அம்மாவிடம் வந்து, "அண்ணி, பின்னால கெடக்கே அந்தக் கடப்பாக்கல்லு, அதை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். சமையலறை ஷெல்ஃபுக்கு வாங்கியதில் மிஞ்சிய கறுப்புக்கல் துண்டு, இரண்டு முழம் இருக்கும். அம்மா எதற்கு என்றாள்.

"பட்டறையில சிமென்ட் தரைதானே இருந்திருக்கும். மண்ணுல போகணும்னே அதுக்குத் தெரியாது. தெரிஞ்சதை வெளிய கொண்டுபோய் வெச்சா ஒருவேளை போகும்."

என் யோசனையாக இருந்திருக்க வேண்டியது அது. ஆனாலும் நல்ல யோசனை என்று ஒப்புக்கொண்டேன்.

கல்லைப் பின்பக்கத்தில் துவைக்கிற குழாய்க்குப் பக்கத்தில் போட்டோம். தரை துடைத்த துணியை அதன்மேல் பிழிந்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் ஃபோர்மேனைக் கூட்டிப்போனேன். முகர்ந்தது. நகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. முன்னங்கால் இரண்டையும் கல்லின்மேல் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் மூச்சுவிடவில்லை. போனது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பல்துலக்கும் பிரஷ்ஷோடு மதில்மேல் எட்டிப் பார்த்தார். கருவாட்டை வாங்கித் தின்றபோது ஃபோர்மேன் முதன்முதலாக வாலை ஆட்டியது. அதுவரை அதற்கு அது வரும் என்றே எனக்குத் தெரியாது.

இனி எல்லாம் என் நிர்வாகத் திறமை. நோட்டுப் புத்தகத்தின் நடுத்தாளைக் கிழித்து ஓர் அட்டவணை போட்டு ஹால் கதவின் பின்னால் ஒட்டினேன். பட்டறையிலிருந்து வந்த நாய் என்பதால் ஷிஃப்ட் என்று தலைப்பு. காலை ஆறு, எட்டு: நான். பதினொன்று, இரண்டு: அத்தை. மாலை ஐந்து, எட்டரை: நான். 'ஞாயிறு உட்பட' என்று கீழே எழுதிச் சிவப்பு மையில் கோடு போட்டேன். அப்பா அதைக் கண்ணாடியை உயர்த்திப் படித்துவிட்டு, அவருடைய ஆபீசில் இப்படி ஒன்றுகூட இல்லை என்றார்.

அத்தை தன் ஷிஃப்டை ஒருநாளும் தவறவிடவில்லை. முதல் நாள் பதினோரு மணிக்கு, "அண்ணி, கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாளாம். அம்மா, "என்னை ஏன் கேக்கற, உன் பேருதானே போட்டிருக்கு" என்றாளாம்.

கல்லை நகர்த்துவதும் அத்தைதான். தினம் கொஞ்சம். குழாயிலிருந்து வீட்டின் பக்கவாட்டுக்கு. அங்கிருந்து முருங்கை மரத்தடிக்கு. அங்கிருந்து முன்பக்கம், கேட்டுக்கு உள்ளே. ஃபோர்மேன் கல்லைத் தேடிப் போகும். கண்டுபிடித்ததும் காலை ஏற்றும். கேட்டுக்கு உள்ளே கல் இரண்டு நாள் நின்றுவிட்டது. நான் கேட்டபோது, "நாளைக்கு, நாளைக்கு" என்றாள் அத்தை. இன்னும் நாலே நாள் இருக்கும்போது இப்படிச் செய்தால் எப்படி என்று நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு நடுவில் பள்ளியில் ஒரு சம்பவம். காலை ஷிஃப்டில் மிஞ்சிய கருவாட்டைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே ரயிலேறிவிட்டேன். ரயிலில் மூன்று பேர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். வகுப்பில் டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லா ஜன்னலையும் திறக்கச் சொல்லி, எங்கேயோ எலி செத்திருக்கிறது, பார் என்றார். கிளாஸ் லீடர் என்ற முறையில் நானே ஒவ்வொரு பெஞ்சாகக் குனிந்து தேடினேன். நான் போகிற இடமெல்லாம் நாற்றம் அதிகமானது. மத்தியானம்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து நடந்து தெருமுனை திரும்பியபோது, கேட்டுக்கு வெளியே, தெருவைத் தாண்டி, எதிர்த்த மனையில் கறுப்புக்கல் கிடந்தது. பக்கத்தில் ஃபோர்மேன். ஐந்து மணி என் ஷிஃப்ட், ஆனாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அத்தை. வெயிலுக்கு முந்தானையைத் தலைமேல் போட்டிருந்தாள். அந்த வழியாக நடந்துபோன நாலாவது வீட்டு அம்மா நின்று ஏதோ கேட்டாள். வழக்கமாக அக்கம்பக்கத்துக் குரல் கேட்டாலே அத்தை சமையலறைக்குப் போய்விடுவாள். இப்போது போவதற்கு இடமில்லை, நாயை விடவும் முடியாது. "நாயைப் பழக்கறேங்க" என்றாள். அந்த அம்மா நாயைப் பார்த்து, "எத்தனை வயசு?" என்று கேட்டாள். பேச்சு நாயைப் பற்றியே நடந்து முடிந்தது. நான் ஓடிப்போய், கல் தெருவைத் தாண்டிவிட்டதற்காக அத்தையின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

வெள்ளிக்கிழமை பெரிய மழை. எதிர் மனையில் முழங்கால் தண்ணீர். கல் முழுகிவிட்டது. ஃபோர்மேன் வாசல்வரை போய் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, பழையபடி டிவி ஸ்டாண்டுக்கே போனது. எல்லாம் முடிந்தது என்று நான் அழுதுவிட்டேன். அம்மா ஃபினாயில் பாட்டிலோடு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். "இந்த மழைக்கு மனுஷனே வெளிய போகல" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைத்தாள். அப்பா வருவதற்குள் ஊதுவத்தி ஏற்றி வைத்தாள். அப்பாவிடம் அவள் சொல்லவே இல்லை.

ஞாயிறு வந்தது. தண்ணீர் வடிந்திருந்தது. மத்தியானம் பன்னிரண்டு மணி ரயிலில் செங்கல்பட்டிலிருந்து மாமாவும் மாமாவின் அம்மாவும் வந்தார்கள். அத்தையின் கணவர் என்பதால் எனக்கு அவர் மாமா. எனக்கு ஒரு சாக்லெட் பார் வாங்கி வந்திருந்தார். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. அதிகம் பேசமாட்டார். சாப்பாடு ஆனதும் பெரியவர்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். நானும் ஃபோர்மேனும் பின்னறையில் இருக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், வெளியே வரக் கூடாது என்று உத்தரவு.

கதவு வழியாகப் பேச்சு கேட்டது. மாமாவின் அம்மாதான் அதிகம் பேசினார். "ரெண்டு மாசம் ஆச்சுப்பா. அக்கம்பக்கத்துல கேக்கறவங்களுக்குப் பதில் சொல்ல முடியல. எந்த வீட்டுலதான் சண்டை இல்ல? அவன் அப்படி என்ன பண்ணிட்டான்? அடிச்சானா, குடிச்சானா? பத்திரமா இருக்கணும்னுதானே பூட்டிட்டுப் போறான்?" அப்பா தொண்டையைக் கனைத்தார். மாமாவின் அம்மா தொடர்ந்தார்: "துணிமணியை எடும்மா. நாலு மணி வண்டிக்குக் கிளம்பிடலாம்."

அந்த நேரத்தில் ஃபோர்மேன் எழுந்தது.

அதுவரை நாங்கள்தான் கடிகாரம் பார்த்துக் கூட்டிப்போவோம். தானாக அது கேட்டதே கிடையாது. இப்போது எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, சாத்திய கதவருகே போய், ஒரு கையை உயர்த்திக் கதவில் வைத்துக் கீறியது. திரும்பி என்னைப் பார்த்தது. மறுபடி கீறியது.

பதினைந்து நாள் உழைப்பு. உத்தரவெல்லாம் மறந்துபோய்க் கதவைத் திறந்தேன். ஃபோர்மேன் ஹாலுக்குள் நடந்தது. டிவி ஸ்டாண்டைப் பார்க்கக்கூட இல்லை. மாமாவின் இஸ்திரி போட்ட கால்சட்டையைத் தாண்டி, அவர் அம்மா காலை இழுத்துக்கொண்ட இடைவெளியில் புகுந்து, வாசற்கதவுக்கு நேராகப் போய், கையை வைத்துக் கீறிவிட்டுத் திரும்பிப் பார்த்தது. அத்தையைத்தான் பார்த்தது. கடிகாரத்தில் மணி இரண்டு.

சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த அத்தை எழ ஆரம்பித்தாள்.

"எங்க போற? உக்காரு" என்றார் மாமா. சத்தமாகச் சொல்லவில்லை.

அத்தை நின்றுவிட்டாள். பாதி எழுந்த மாதிரி, சுவரைப் பிடித்துக்கொண்டு. விருந்தாளிக்கு விவரம் தெரியாது, நான்தான் விளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"மாமா, ரெண்டு மணி அத்தை ஷிஃப்ட்" என்றேன். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அட்டவணையையும் காட்டினேன். "ஞாயிறு உட்பட."

மாமா என்னைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா அட்டவணையைப் பார்த்தார், ஏதோ முதல்முறை படிக்கிறவர்போல. அப்போது சமையலறை வாசலிலிருந்து அம்மா பேசினாள்.

"அவ சொல்றது சரிதான். எழுதி ஒட்டியிருக்கு. நீ போயிட்டு வாம்மா. ஷிஃப்ட் முடியட்டும்."

அத்தை ஆணியிலிருந்து சங்கிலியை எடுத்தாள். ஃபோர்மேன் கழுத்தில் மாட்டினாள். தாழ்ப்பாளைத் திறந்தாள். போகட்டுமா என்று யாரையும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வெளியே போனார்கள்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். தெருவைத் தாண்டி, கல்லுக்குப் பக்கத்தில் போய், கல்லின்மேல்கூட ஏறாமல், பக்கத்து மண்ணிலேயே ஃபோர்மேன் காலைத் தூக்கியது. மண்ணில்! "பாருங்க, பாருங்க" என்று கத்திக்கொண்டு ஹாலுக்குத் திரும்பினேன். யாரும் எழுந்து பார்க்கவில்லை. பெரியவர்களுக்கு எதை மெச்சுவது என்றே தெரியாது என்று எனக்குக் கோபம் வந்தது.

வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடுவாள். அன்று திரும்பவில்லை. மறுபடி ஜன்னலில் பார்த்தபோது அவர்கள் தெருக்கோடியில், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, ஏரிப்பக்கம் போகும் மண்பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள். ஃபோர்மேன் முன்னால், அத்தை பின்னால். அவ்வளவு தூரம் ஷிஃப்டில் கிடையாது.

அரை மணி ஆனது. அம்மா டீ கொடுத்தாள். முக்கால் மணி ஆனது. "ஒரு நாயைக் கூட்டிட்டுப் போக இவ்வளவு நேரமா?" என்றார் மாமாவின் அம்மா.

"வயசான நாய்" என்றாள் அம்மா. "மெதுவாத்தான் நடக்கும்."

இன்னொரு தடவை டீ கொடுத்தாள். மூன்றரைக்கு மாமா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்பாவும் எழுந்தார். இரண்டு பேரும் வாசலில் நின்று ஏதோ பேசினார்கள். மாமா விரலை நீட்டினார். அப்பா தலையைக் குனியவில்லை; அதுவே எனக்குப் புதுசாக இருந்தது. மாமாவின் அம்மா என் கன்னத்தைத் தொடாமல் போனார். சாக்லெட்டை நான் அதற்கு முன்பே தின்றுவிட்டது நல்லதாகப் போயிற்று.

நாலு மணி ரயில் போன சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அத்தை வந்தாள். புடவைக் கரையெல்லாம் ஒட்டுப்புல். ஃபோர்மேன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனது. கேட்டிலேயே நின்றிருந்த அப்பா ஒதுங்கி வழிவிட்டார். அம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை அதை நின்றுகொண்டே முழுவதும் குடித்துவிட்டு, பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்து புடவையிலிருந்து ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். ஃபோர்மேன் போய் அவள் காலடியில் படுத்தது.

நான் ஹாலில் வீட்டுப்பாடம் எழுதினேன். மனசு அதில் இல்லை. கெடு இன்றோடு முடிகிறது. சமையலறையில் அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மழையை அம்மா சொல்லிவிட்டாளோ என்று பயமாக இருந்தது. காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இங்கயே இருக்கட்டும்" என்றார் அப்பா.

"நாளைக்கு யாராவது நாலு பேரு வந்து பேசினா மாத்திச் சொல்லக் கூடாது" என்றாள் அம்மா.

"இல்ல. எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கட்டும். நம்ம வீடுதானே."

நோட்டைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன். ஃபோர்மேனின் காதைப் பிடித்துத் தூக்கி அதனிடம்தான் முதலில் சொன்னேன். பிறகு அத்தையிடம் சொன்னேன்.

"அப்பா சொல்லிட்டார் அத்தை! இங்கயே இருக்கட்டும்னு சொல்லிட்டார்!"

ஒட்டுப்புல் பிடுங்கிக்கொண்டிருந்த கை நின்றது. "என்ன சொன்னார்? அப்படியே சொல்லு."

அப்படியே சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். எவ்வளவு நாள் வேண்டுமானாலும், நம் வீடுதானே என்பதையும் சொன்னேன். அத்தை குனிந்து, மயிர் இல்லாத அந்தக் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஃபோர்மேன் அசையாமல் படுத்திருந்து அதைப் பொறுத்துக்கொண்டது.

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் நிறையப் பெருமையாகவும் இருந்தது. எனக்குத் தெரியாமல் அத்தை இந்த நாய்மேல் இவ்வளவு ஆசை வைத்திருக்கிறாளே என்று ஆச்சரியப்பட்டேன். அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாதீங்க அத்தை" என்றேன் பெருந்தன்மையாக. "நான் மட்டும் இல்ல, நீங்களும்தான் உதவி செஞ்சீங்க."